எஸ்எம்பி1ஐ நிறுத்துங்கள், ஆனால் முதலில் ஒரு மாதம் கவனியுங்கள்

கொழும்பில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கந்தோர் ஒன்றின் சேர்வரைத் திறந்து, கணினிகள் கோப்புப் பகிரும் மிகப் பழைய முறையான எஸ்எம்பி1 இன்னும் ஓடுகிறதா என்று பார்த்தால், ஓடவில்லை என்று வருவது அரிது. புதுக்கடையில் சட்டத்தரணி அறை, கோட்டையில் கப்பல் சரக்குக் கந்தோர், கெய்சர் வீதியில் மொத்தப் புடவைக் கடை, வெள்ளவத்தையில் டியூஷன் நிலையம் என்று தொழில்கள் வேறுவேறு. ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று கேட்டால் வரும் பதில் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று: "அதை நிப்பாட்டினா ஸ்கான் வராது."

அந்தப் பதில் பொய் இல்லை. பழைய போட்டோகொப்பி மெஷின் எஸ்எம்பி1 வழியாகத்தான் சேர்வருக்கு அனுப்புகிறது என்பதால், பல இடங்களில் உண்மையாகவே ஸ்கான் வராது. ஆனால் ஒரு போட்டோகொப்பி மெஷின் நின்றுவிடும் என்பதற்காக முழுக் கந்தோரின் கோப்புகளையும் பணயம் வைக்கலாமா என்றால், கூடாது என்பதுதான் என் பதில். நிறுத்துவதற்குக் கட்டளை ஒன்று போதும். யார் இன்னும் அந்தப் பழைய வழியில் வந்துபோகிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களுக்கு வேறு வழி செய்து கொடுப்பதற்குத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும். அந்த வேலையை யாரும் பொறுப்பெடுக்காததால்தான் இது இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தொழில்நுட்பம் பழக்கமில்லாத, கந்தோர் நடத்துகிற ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சேர்வரில் உள்ள ஃபோல்டரை உங்கள் மேசையில் உள்ள கணினி திறப்பதற்கு இரண்டும் பின்பற்றும் ஒழுங்குமுறைக்குத்தான் எஸ்எம்பி என்று பெயர். 1983இல் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் அதைத் தொடங்கினார். பிறகு மைக்ரோசொஃப்ட் எடுத்து வளர்த்தது. ஒரே கட்டடத்துக்குள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களின் கணினிகளுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. வின்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது. எஸ்எம்பி1 என்ற முதலாம் பதிப்பில் நூறுக்கும் மேல் இருந்த கட்டளைகள் அதில் 19 ஆகக் குறைந்தன. வின்டோஸ் 8உம் சேர்வர் 2012உம் வந்தபோது மூன்றாம் பதிப்பு வந்து, போகும் வரும் தரவைக் குறியாக்கம் செய்யும் வசதியும் சேர்ந்தது. வின்டோஸ் 10இல் உள்ள 3.1.1 பதிப்பு, இணைப்புத் தொடங்கும் பேச்சுவார்த்தையில் யாரும் நடுவில் கைவைத்தால் கண்டுபிடித்துவிடும்.

சேர்வரில் முதலாம் பதிப்பும் திறந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு எதற்கும் பெறுமதி இல்லை. நடுவில் புகுந்த ஒருவன் "எனக்குப் பழையது மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் பழைய பதிப்புக்கு இறக்கிவிடலாம். முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தாமல் படுக்கப் போவதற்குச் சமம் அது. "எங்கட சேர்வர் புதுசுதானே, 2016தானே" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வின்டோஸ் சேர்வர் 2016இல் எஸ்எம்பி1 ஏற்கெனவே திறந்த நிலையில்தான் வருகிறது. சேர்வர் 2019இலிருந்துதான் தானாக நிறுவப்படுவதில்லை.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. எங்களுக்கு அது வெசாக் கிழமை. இந்தியப் பிரதமர் மோடி கொழும்பில் வெசாக் நிகழ்வில் பேசிவிட்டு, நோர்வூட்டில் மலையக மக்கள் முன் பேசிய நாள். அதே நாளில்தான், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயாரான வனாக்ரை உலகத்தைச் சுற்றியது. எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டையின் வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. 150 நாடுகள், 200,000க்கு மேற்பட்ட கணினிகள் என்று யூரோபோல் சொன்னது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கும் என் மச்சாள் அன்று இரவு, கணினியெல்லாம் மூடிவிட்டார்கள், பேனையும் தாளும் வைத்து எழுதுகிறோம் என்று சொன்னாள். பிரித்தானியாவில் 19,000க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் அரசாங்கக் கணக்காய்வு மதிப்பிட்டது.

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும் விஷயம். அந்த ஓட்டைக்குள் நுழையும் கருவியான, அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகமையின் எட்டேர்னல்புளூ ஏப்ரல் 14இல் பகிரங்கமாகக் கசிந்தது. மைக்ரோசொஃப்டில் எஸ்எம்பிக்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே, எஸ்எம்பி1 பாவிப்பதை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகக் கெஞ்சியிருந்தார். நேரம் இருந்தது, கேட்டவர்கள் குறைவு. வனாக்ரைக்கு அடுத்த மாதம், ஜூன் 27இல் நொட்பெட்யா என்ற இன்னொரு தாக்குதல் வந்தது. கோட்டைக் கந்தோர்களில் மேர்ஸ்க் பெயரைத் தெரியாதவர் இல்லை. அந்தக் கொம்பனி 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவரே பிறகு சொன்னார். நொட்பெட்யா, திருடிய பாஸ்வேர்ட்களைக் கொண்டும் பரவியது. அப்டேட் போட்ட கணினிகளும் அதில் விழுந்தன. ஆகவே அப்டேட் போட்டாயிற்று, இனி எஸ்எம்பி1 இருந்தால் என்ன என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தேவையில்லாத சேவை ஒன்று சேர்வரில் காத்துக்கொண்டிருக்கவே கூடாது.

எங்கள் ஊரில் இது இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டும் என்று சொன்னால் அநியாயம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, புதிய போட்டோகொப்பி மெஷின் வாங்கும் யோசனையைச் சின்னக் கந்தோர்கள் எல்லாம் கைவிட்டன. அதற்கு முன்பே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தன. இருக்கிற மெஷினைத் திருத்தித் திருத்திப் பாவித்தார்கள். எஸ்எம்பி2 தெரியாத காலத்து மெஷின்கள் அவை. அவற்றை எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. எறியத் தேவையும் இல்லை.

முதல் வேலை கவனிப்பது. சேர்வரில் கட்டளை எழுதும் பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-எஸ்எம்பிசெஷன் என்ற கட்டளையை டயலெக்ட்டையும் காட்டச் சொல்லிக் கொடுத்தால், அந்த நேரத்தில் இணைந்திருக்கும் கணினிகளும் அவற்றின் டயலெக்ட் எண்ணும், அதாவது எஸ்எம்பி பதிப்பும், வரும். 2 அல்லது 3இல் தொடங்கினால் நல்லது, 1இல் தொடங்கினால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது அந்த நிமிடத்தின் படம் மட்டும். சேர்வர் அமைப்புகளில் எஸ்எம்பி1 தணிக்கை என்று ஒன்று இருக்கிறது. செட்-எஸ்எம்பிசேர்வர்கொன்ஃபிகரேஷன் கட்டளையில் ஓடிட்எஸ்எம்பி1எக்செஸ் என்பதை ட்ரூ என்று வைத்தால் போதும். அதன் பின் யாராவது பழைய பதிப்பில் வந்தால், வின்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் எஸ்எம்பிசேர்வரின் ஓடிட் பகுதியில் 3000 என்ற எண்ணோடு பதிவாகும். வந்தவரின் ஐபி முகவரியும் அதில் இருக்கும். எதுவும் நிற்காது, யாருக்கும் தொந்தரவில்லை.

இதை ஒரு முழு மாதம் ஓட விடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு கிழமை போதும் என்பவர்கள் கந்தோரின் நாட்காட்டியை மறந்துவிடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு மாதம் ஒருமுறைதான். அதைச் செய்யும் கணினி மற்ற நாளில் மூடிக் கிடக்கலாம். புதுக்கடை நொத்தாரிசுமாருக்கு வேறொரு ஒழுங்கு இருக்கிறது: முந்தைய மாதம் நிறைவேற்றிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைப் பட்டியலோடு 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் ஸ்கான் செய்வது மலைபோல் குவியும். நிறுத்துவதற்கு அந்தக் கிழமையை ஒருபோதும் தெரிவு செய்யாதீர்கள்.

புதுக்கடையில் நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கந்தோரைப் பற்றியே விவரமாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். நொத்தாரிசு அம்மா ஒருவர், இரண்டு கனிஷ்ட சட்டத்தரணிகள், எழுதுவினைஞர்கள். காணி உறுதிகள், கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அனுப்பும் அற்றோர்ணித் தத்துவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் போட்டோகொப்பி மெஷினில் ஸ்கான் ஆகி நேரே சேர்வர் ஃபோல்டருக்குப் போகும். எனக்கு முன் வந்த ஒருவர் ஒரு நாள் எஸ்எம்பி1ஐ நிறுத்தியிருக்கிறார். ஸ்கான் நின்றது. பின்னேரத்துக்குள் திரும்பத் திறந்துவிட்டுப் போய்விட்டார். நான் இந்தப் பேச்சை எடுத்ததுமே மூத்த எழுதுவினைஞர் அக்காவின் முகம் மாறியது. "தங்கச்சி, முந்தியும் இப்பிடித்தான் சொன்னவை. அண்டைக்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

அந்த அக்காவை நம்ப வைக்காமல் சேர்வரில் கைவைக்க முடியாது என்று எனக்கு விளங்கியது. ஆகவே தணிக்கையைப் போட்டுவிட்டு, ஒரு மாதம் எதையும் மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாத முடிவில் பதிவுகளை அவரோடு இருந்தே பார்த்தேன். போட்டோகொப்பி மெஷின் எதிர்பார்த்ததுதான். அதோடு, யாரும் நினைத்திராத இன்னொரு முகவரி: பின் அறையில், பழைய வழக்குக் கோப்புகளைத் தேடுவதற்காக எப்போதாவது போடும் எக்ஸ்பி கணினி. எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 தவிர வேறொன்றும் தெரியாது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்தது. அதில் இருந்தவற்றை சேர்வருக்கு மாற்றிவிட்டு, அந்தக் கணினியை நெட்வேர்க்கிலிருந்து கழற்றிவிட்டோம்.

மெஷினுக்கு என்ன செய்வது? முதலில் தயாரிப்பாளரின் தளத்தில் ஃபேர்ம்வெயார் (மெஷினின் உள் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மொடல்களுக்கு அந்த ஒன்றிலேயே எஸ்எம்பி2 வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. இதற்கு இல்லை. ஸ்கானை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றால், அந்தப் பழைய மெஷினுக்கு மின்னஞ்சல் சேவைகள் கேட்கும் புதிய குறியாக்க முறை (டிஎல்எஸ்) தெரியாது. தவிர, மற்றவர்களின் அடையாள அட்டைகள் மின்னஞ்சல் பெட்டிகளில் சிதறிக் கிடப்பதை நான் விரும்பவில்லை. கோப்பு அனுப்பும் இன்னொரு பழைய முறையான எஃப்டிபி இருக்கிறதே என்று மெஷின் திருத்த வருபவர் சொன்னார். எஃப்டிபியில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகும். பழையது ஒன்றை மூடுவதற்கு அதைவிடப் பழையது ஒன்றைத் திறப்பதில் அர்த்தமில்லை.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பாவித்த மினி பிசி ஒன்றை வாங்கினோம். புதிய மெஷின் ஒன்றின் விலையோடு பார்த்தால் இது சில்லறைக் காசு. அதில் டெபியன் என்ற லினக்ஸும், லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சம்பாவும் போட்டேன். சம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1ஐத் தானாக மூடியே வைக்கிறது. இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் வேண்டுமென்றே திறக்க வேண்டும். அதில் இரண்டு நெட்வேர்க் துளைகள். ஒன்றில் போட்டோகொப்பி மெஷினின் கேபிள் நேரே வந்து சேர்கிறது, வேறெதுவும் அந்தப் பக்கம் இல்லை. சம்பா அந்தத் துளையில் மட்டுமே காது கொடுக்கும். மற்றத் துளை கந்தோர் நெட்வேர்க்குக்கு. ஸ்கான் வந்து விழுந்ததும் மினி பிசி அதை எஸ்எம்பி3 வழியாக சேர்வருக்குத் தள்ளிவிட்டுத் தன்னிடமிருந்து அழித்துவிடும். அது பாவிக்கும் கணக்குக்கு அந்த ஒரு ஃபோல்டரில் எழுத மட்டும்தான் அனுமதி. மெஷினில் அழுத்த வேண்டிய பொத்தான்களில் எதுவும் மாறவில்லை. அக்கா முதல் நாள் ஒரு உறுதியை ஸ்கான் செய்து, சேர்வர் ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைத்தானே தங்கச்சி முதலே செய்திருக்க வேணும்" என்றார். முழுக்கச் சரி. யாராவது முதலே செய்திருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சேர்வரில் நிறுத்தினேன். இதிலும் இரண்டு படி வைப்பது நல்லது. முதலில் அதே சேர்வர் அமைப்புக் கட்டளையால் எஸ்எம்பி1ஐ ஃபோல்ஸ் என்று வையுங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை, ஏதாவது பிரச்சினை என்றால் உடனே பழைய நிலைக்கு வரலாம். சில கிழமை அமைதியாக ஓடினால், சேர்வர் மனேஜரில் அந்த வசதியையே அகற்றிவிடுங்கள். அதற்கு ரீஸ்டார்ட் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். இடையில் மறந்துபோன யாராவது பழைய வழியில் வந்து தட்டினால், எஸ்எம்பிசேர்வரின் ஒபரேஷனல் பகுதியில் 1001 என்ற எண்ணோடு, வந்தவர் மறுக்கப்பட்டார் என்று பதிவாகும். நான் காலையில் அதைத்தான் முதலில் பார்ப்பேன். மேசைக் கணினிகளையும் விட்டுவிடாதீர்கள். வனாக்ரை சேர்வருக்கு மட்டும் தாவவில்லை. வின்டோஸ் அம்சங்களைத் திறந்து மூடும் பெட்டியில் ஒவ்வொன்றிலும் அந்த அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். கணினிகள் எல்லாம் சேர்வரின் கட்டுப்பாட்டில் ஒரு டொமைனாக இருந்தால், குரூப் பொலிசியால் ஒரேயடியாகச் செய்யலாம்.

நிறுத்திய மறுநாள் கட்டாயம் ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: "நெட்வேர்க்கில ஒரு கொம்பியூட்டரும் காணேல்ல!" பயப்படத் தேவையில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலைக் காட்டிய பழைய பிரவுசர் சேவை எஸ்எம்பி1ஐ நம்பித்தான் இருந்தது. கோப்புகள் எங்கும் போகவில்லை. பட்டியலைப் பார்த்து ஃபோல்டர் தேடும் பழக்கத்துக்குப் பதிலாக, ஒவ்வொருவரின் கணினியிலும் சேர்வர் ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக மப் செய்துவிடுங்கள். எழுதுவினைஞருக்கு அதுவே சுலபம்.

இன்னொரு குழப்பம், நெட்வேர்க்கில் கோப்பு சேமிக்கும் நாஸ் பெட்டிகளால் வருவது. பாஸ்வேர்ட் இல்லாமல் விருந்தாளியாகத் திறக்கும் ஃபோல்டர்களை, வின்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ், எடியூகேஷன் வகைகளும், வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ வகையும் மறுக்கின்றன. அந்த ஃபோல்டர் திறக்காதபோது யூடியூப்பில் தேடினால், எஸ்எம்பி1ஐத் திரும்பப் போடுங்கள் என்று காட்டும் வீடியோக்கள்தான் முதலில் வருகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நாஸில் எஸ்எம்பி2 அல்லது 3ஐத் தெரிவுசெய்து, ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்ட்டும் கொடுத்தால் திறக்கும். எல்லோருக்கும் திறந்திருக்கும் ஃபோல்டர் ரான்சம்வெயாருக்கும் திறந்துதான் இருக்கும்.

புறக்கோட்டையில் வேறு விதமான பிடிவாதம். அங்கே பில் போடும் மென்பொருள் எழுதியவர் "எஸ்எம்பி1 இல்லாட்டி எங்கட சொஃப்ட்வெயார் ஓடாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதலாளிமாருக்கு நான் சொல்வது இதுதான்: எந்தப் பதிப்பு, எந்தக் காரணம், எப்போது திருத்துவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் காரணம் எஸ்எம்பி1 இல்லை, பழைய கணினியின் பெயரை உள்ளே எழுதி வைத்திருப்பது, அல்லது விருந்தாளி அனுமதி. பரிசோதிக்க ஒரு கணினியை மட்டும் மாற்றி, கடை மூடிய பின் ஒரு பில் போட்டுப் பாருங்கள்.

இதோடு எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லமாட்டேன். 2020 மார்ச்சில் 3.1.1 பதிப்பிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மாத அப்டேட்களை விடக் கூடாது. வீட்டிலிருந்து கோப்பு பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் எஸ்எம்பியின் வாசலான 445ஆம் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருப்பவர்கள் இன்றிரவே மூடுங்கள், பாதுகாப்பான தனி இணைப்பான விபிஎன் போடுங்கள். பெக்அப் ஒன்றாவது சேர்வரோடு இணைக்கப்படாமல் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ரான்சம்வெயார் தாக்கியபோது, மே 17இலிருந்து ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போனதைப் பத்திரிகைகளில் எல்லோரும் வாசித்தோம். அங்கே பாதிக்கப்பட்டது காலம் கடந்த ஒரு மின்னஞ்சல் சேர்வர், எஸ்எம்பி இல்லை. ஆனால் அந்த மாதங்களுக்குப் பெக்அப் இருக்கவில்லை.

வின்டோஸ் சேர்வர் 2016க்கான ஆதரவு 2027 ஜனவரி 12ஆம் திகதியோடு முடிகிறது. இங்கே பல கந்தோர்களில் இருப்பது அதுதான். புதிய சேர்வருக்கு மாறும்போது பழைய போட்டோகொப்பி மெஷின் ஸ்கான் அனுப்பாது. அன்றைக்கு வேலை செய்ய வருபவர் அவசரத்தில் எஸ்எம்பி1ஐத் தேடிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்கு முன்பே தணிக்கையைப் போட்டு ஒரு மாதம் விடுங்கள். வரும் முகவரிகளைத் தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த மெஷின், யார் பாவிக்கிறார்கள், என்ன மாற்று வழி என்று குறியுங்கள். விலைமனு கொடுக்க வருபவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, எஸ்எம்பி1 திறக்காமல் இவை எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்று விலைமனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.